எக்செல் மேக்ரோவும் பதிவுப் படிவமும் மக்கர் செய்தால்: நிரல் எழுதத் தெரியாதவருக்கான முழு வழிகாட்டி

ஈரோட்டில் ஒரு நெசவு நூல் மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். படித்தது வணிகவியல். நிரல் எழுதத் தெரியாது. கடையின் சரக்கு வரவு, விற்பனை, வசூல் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில்தான் ஓடுகிறது. அதற்குள் விவரங்களைத் தட்டிச் சேமிக்கும் ஒரு பதிவுப் படிவமும், பொத்தானை அழுத்தினால் தானாக வேலையைச் செய்யும் சிறு நிரல்களான மேக்ரோக்கள் ஏழெட்டும் இருக்கின்றன. அவற்றை எழுதிக் கொடுத்த தம்பி வேலை மாறிப் போய்விட்டார். அதன் பிறகு கோப்பு நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் அதை ஓட வைப்பது என் பொறுப்பாயிற்று.

பள்ளி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், ஆடிட்டர் அலுவலகம், மருந்து மொத்தக் கடை என்று எத்தனையோ இடங்களில் இப்படி ஒரு கோப்போடு தனியாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோவின் எழுத்துகள் ராத்திரியில் தானாக மாறுவதில்லை. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால், அதைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது: ஷீட்டின் பெயர், கோப்பு இருக்கும் இடம், உள்ளே போட்ட தரவு, கம்ப்யூட்டர், ஆஃபீஸ் பதிப்பு. நிரல் தெரியாத நாம் தேட வேண்டியது அந்த மாற்றத்தைத்தான். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையும் ஒழுங்கும் போதும்.

கை வைக்கும் முன்

கோப்பை மூடிவிட்டு அதை நகலெடுங்கள். பெயரோடு தேதியையும் நேரத்தையும் சேர்த்து வேறொரு ஃபோல்டரில் வையுங்கள். சோதனை எல்லாம் நகலில்தான். மேக்ரோ செய்த வேலையைக் கண்ட்ரோல் + இசட் அழுத்தித் திரும்பப் பெற முடியாது. மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றியதும், அதற்கு முன் நீங்கள் கையால் செய்தவற்றுக்கான அன்டூ பட்டியலும் பொதுவாகக் காலியாகிவிடும்.

அடுத்தது, கோப்பில் வேலை செய்தவரிடம் கேட்பது. "என்னாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமே பண்ணலைங்க" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள்? எந்தக் கட்டத்தில் என்ன போட்டீர்கள், எதைக் காலியாக விட்டீர்கள்? கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அதற்குப் பிறகு ஷீட், வரிசை, நெடுவரிசை எதையாவது சேர்த்தீர்களா, நீக்கினீர்களா, பெயர் மாற்றினீர்களா? கோப்பை யாருக்காவது அனுப்பித் திரும்ப வாங்கினீர்களா? வந்த எரர் பெட்டியை எழுத்து மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எண் மிக முக்கியம்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

இது பெரும்பாலும் பாதுகாப்பு அமைப்பின் வேலை. நிரலைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை.

மேலே மஞ்சள் பட்டையில் மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன என்று வந்தால், கோப்பு உங்களுடையதுதான் என்ற உறுதி இருக்கும்போது "எனேபிள் கன்டென்ட்" அழுத்துங்கள். சிவப்புப் பட்டை வந்தால் கதை வேறு. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. மின்னஞ்சலிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ இறக்கிய கோப்பில் விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. ஆடிட்டருக்கு அனுப்பித் திரும்பி வந்த உங்கள் சொந்தக் கோப்புக்கும் அதே முத்திரைதான். கோப்பை மூடுங்கள். ஃபோல்டரில் அதன் மேல் வலது கிளிக் செய்து "ப்ராப்பர்ட்டீஸ்" போங்கள். "ஜெனரல்" பக்கத்தின் அடியில் "அன்பிளாக்" என்ற கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு ஓகே கொடுத்துவிட்டு மறுபடி திறங்கள்.

தினமும் இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், எக்செலின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் ட்ரஸ்ட் சென்டரில் "ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்" என்ற இடத்தில் ஒரே ஒரு ஃபோல்டரைச் சேர்த்து, கோப்பை அங்கேயே வையுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். "எல்லா மேக்ரோக்களையும் அனுமதி" என்ற தேர்வையும் யார் சொன்னாலும் போடாதீர்கள். 1999-இல் மெலிசா வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகம் முழுக்கப் பரவியது ஒரு வேர்ட் மேக்ரோவாகத்தான். கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் திறந்து போட வேண்டாம்.

பட்டை எதுவும் வராமல், மேக்ரோ பட்டியலும் காலியாக இருந்தால் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகைக் கோப்பில் மேக்ரோ தங்காது. எக்ஸ்எல்எஸ்எம் வகை வேண்டும். யாரோ "சேவ் ஆஸ்" கொடுத்தபோது எக்செல் எச்சரித்திருக்கும், படிக்காமல் "யெஸ்" அழுத்தியிருப்பார்கள். அந்த நகலில் மேக்ரோ போனது போனதுதான், பழைய நகலைத் தேடி எடுங்கள். போனில் இருக்கும் எக்செல், பிரவுசரில் திறக்கும் எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகிய மூன்றிலும் இந்த மேக்ரோக்கள் ஓடாது. லிப்ரேஆஃபீஸில் சில ஓடும், சில ஓடாது.

எரர் பெட்டியைப் படிப்பது

எரர் பெட்டி வந்தால் பயந்து "எண்ட்" அழுத்திவிடுவதுதான் நம் பழக்கம். நகலில் வேலை செய்கிறீர்கள், அதனால் தைரியமாக "டீபக்" அழுத்துங்கள். நிரல் எழுதும் சாளரம் திறந்து, ஒரு வரி மஞ்சளாக நிற்கும். மேக்ரோ அந்த வரியில்தான் தடுக்கி நிற்கிறது. எல்லா வரிகளும் உங்களுக்குப் புரிய வேண்டாம், அந்த ஒரு வரியில் இருக்கும் பெயர்களைப் படித்தால் போதும். ஷீட் பெயரா, செல் முகவரியா, படிவத்தின் கட்டமா? பார்த்து முடித்ததும் மேலே இருக்கும் நீலச் சதுரத்தை அழுத்தினால் மேக்ரோ நின்றுவிடும்.

படிவம் வைத்திருப்பவர்கள் முதலிலேயே ஓர் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் தவறான இடத்தில் தேடினேன். படிவத்துக்குள் எரர் வந்தாலும் மஞ்சள் வரி பல நேரம் படிவத்தைத் திறக்கும் வரியில், அதாவது "ஷோ" என்று முடியும் வரியில் போய் நிற்கும். உண்மையான கோளாறு அங்கே இருக்காது. ஆல்ட் + எஃப்11 அழுத்தி நிரல் சாளரத்துக்குப் போங்கள். "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்", "ஜெனரல்" வழியாகப் போனால் "பிரேக் இன் கிளாஸ் மாட்யூல்" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மஞ்சள் சரியான வரியில் நிற்கும்.

இனி எண்கள். நம் போன்ற அலுவலகங்களில் வருவது பெரும்பாலும் இந்த ஐந்துதான்.

எண் 9, "சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்". மேக்ரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, அந்தப் பெயரில் ஷீட்டோ கோப்போ இல்லை. மஞ்சள் வரியில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரையும், கீழே ஷீட் தாவலில் இருக்கும் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் கோப்பில் ஒருமுறை பெயர் அப்படியே இருப்பதுபோல் தெரிந்தது. தாவலை இரட்டைக் கிளிக் செய்து கர்சரைக் கடைசிக்கு நகர்த்தியபோதுதான் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

எண் 13, "டைப் மிஸ்மேட்ச்". எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்திருக்கிறது, அல்லது கட்டம் காலியாக இருக்கிறது. "25 மூட்டை" என்று போட்டிருப்பார்கள், மேக்ரோ எதிர்பார்ப்பது 25 மட்டும். மேக்ரோ படிக்கும் செல்லில் சூத்திரம் பிழைக்குறி காட்டிக்கொண்டிருந்தாலும் இதே எண்தான் வரும்.

எண் 1004 பல நோய்களுக்கு ஒரே காய்ச்சல் மாதிரி. ஷீட் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கலாம், செல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கலாம், சேமிக்கச் சொன்ன ஃபோல்டரே இல்லாமல் இருக்கலாம். இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். செல்களை இணைப்பது தலைப்புக்கு அழகாக இருக்கும். தரவு இருக்கும் பகுதியில் மட்டும் அதைச் செய்யவே கூடாது என்பேன்.

எண் 91 வந்தால், மேக்ரோ எதையோ தேடிக் கிடைக்காமல், கிடைத்ததாக நினைத்து மேலே போயிருக்க வாய்ப்பு அதிகம். தேடிய பில் எண்ணோ பெயரோ ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள்.

எண் 6, "ஓவர்ஃப்ளோ". நிரலில் "இன்டிஜர்" என்று அறிவித்த எண் 32,767-ஐத் தாண்டக் கூடாது. வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கோப்பில் வரிசைகள் அந்த எண்ணைத் தாண்டும் நாளில் இது வரும். அந்த மேக்ரோவின் தொடக்கத்தில் "ஆஸ் இன்டிஜர்" என்று இருப்பதை "ஆஸ் லாங்" என்று மாற்றினால் 214 கோடி வரை கவலையில்லை. நிரல் தெரியாதவரும் அஞ்சாமல் செய்யக்கூடிய திருத்தம் இது.

எரரே காட்டாமல் தவறு செய்யும் படிவம்

எரர் காட்டி நிற்கும் மேக்ரோவைக் குறித்து நான் கவலைப்படுவதில்லை. எதுவும் சொல்லாமல் தப்பாகப் பதிவு செய்யும் படிவம்தான் கணக்கைக் கெடுக்கிறது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் பதிவு போடும் தங்கை வந்து, "அக்கா, நேத்து போட்ட என்ட்ரி இன்னைக்குக் காணோங்க" என்றாள். 40-ஆம் நம்பர் நூல் ஏழு மூட்டை குடோனில் கண்ணெதிரே இருக்கிறது. ஷீட்டில் இல்லை. சேமித்தபோது "பதிவாகிவிட்டது" என்ற செய்தியும் வந்திருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதே மாதம் இன்னும் இரண்டு பதிவுகள் இப்படிக் காணாமல் போயிருந்தன. மூன்றிலும் பொதுவானது என்ன என்று பார்த்தோம். மூன்றுமே டெலிவரி சலானோடு மட்டும் வந்த சரக்கு. பில் பிறகு வரும் என்பதால் பில் எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

நகலைத் திறந்து, அவள் செய்ததை அப்படியே செய்தேன். நீங்களும் இதே முறையைப் பின்பற்றலாம்.

1. ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் நிரல் சாளரம் வரும். இடப்பக்கப் பட்டியலில் "ஃபார்ம்ஸ்" என்பதன் கீழ் படிவத்தின் பெயரை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். படிவத்தின் படம் தெரியும்.

2. அந்தப் படத்தில் "சேமி" பொத்தானை இரட்டைக் கிளிக் செய்தால், அதை அழுத்தும்போது ஓடும் நிரல் திறக்கும்.

3. "டிம்" என்று தொடங்கும் அறிவிப்பு வரிகளை விட்டு, அடுத்த வரியில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்துங்கள். இடது ஓரத்தில் பழுப்புச் சிவப்பு நிறத்தில் ஒரு புள்ளி விழும். மேக்ரோ அங்கே வந்ததும் நிற்கும்.

4. எக்செலுக்குத் திரும்பி, படிவத்தைத் திறந்து, சிக்கல் வந்த அதே விவரங்களைப் போட்டுச் சேமியுங்கள்.

5. மேக்ரோ நின்றதும் எஃப்8-ஐ ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒரு அழுத்துக்கு ஒரு வரி நகரும். இரண்டு சாளரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஷீட்டில் என்ன எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

6. எந்தச் சொல்லின் மதிப்பு தெரிய வேண்டுமோ அதன் மேல் மவுஸை வைத்து ஒரு கணம் பொறுங்கள். சின்ன மஞ்சள் சீட்டில் மதிப்பு வரும்.

பில் எண் இல்லாத பதிவு 412-ஆம் வரிசையில் ஒழுங்காகவே விழுந்தது. அடுத்து பில் எண்ணோடு இன்னொரு பதிவு போட்டேன். எஃப்8 அழுத்திக்கொண்டே வந்து, அடுத்த காலி வரிசையை வைத்திருக்கும் சொல்லின் மேல் மவுஸை வைத்தேன். 413 இருக்க வேண்டும். 412 என்று காட்டியது. அடுத்த எஃப்8-இல் ஏழு மூட்டை இருந்த வரிசையின் மேலேயே புதிய பதிவு எழுதப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

காரணம் எளியது. அடுத்த காலி வரிசையைக் கண்டுபிடிக்க மேக்ரோ முதல் நெடுவரிசையின் அடிக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி, முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்லுக்கு அடுத்ததைக் காலி என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் முதல் நெடுவரிசை பில் எண். அது காலியாக இருந்ததால் 412 முழுவதும் காலி என்று நினைத்துவிட்டது. நிரலில் "எண்ட்" என்றும் "எக்ஸ்எல்அப்" என்றும் வரும் வரியைத் தேடுங்கள். அதில் "ரோஸ் டாட் கவுண்ட்" என்பதற்குப் பிறகு, காற்புள்ளிக்கு அப்பால் இருக்கும் 1 என்ற எண்தான் முதல் நெடுவரிசையைக் குறிக்கிறது. எப்போதும் நிரம்பியிருக்கும் நெடுவரிசை எங்களுக்கு மூன்றாவது, வியாபாரி பெயர். 1-ஐ 3 ஆக்கினேன். பில் எண் இல்லாத பதிவுகளை அடுத்தடுத்து ஐந்து முறை நகலில் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் தனித்தனி வரிசையில் நின்றன. அதன் பிறகுதான் உண்மைக் கோப்பில் கை வைத்தேன்.

சில கோப்புகளில் "எக்ஸ்எல்டவுன்" என்று இருக்கும். அது மேலிருந்து கீழே இறங்கும், நடுவில் ஒரு காலிச் செல் வந்தாலும் அங்கேயே நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் 65536 என்ற எண் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான். 2007 முதல் வந்த புதிய வகையில் 10,48,576. பழைய எல்லை எவ்வளவு பெரிய இடத்தையும் பதம் பார்க்கும்: 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. வந்த தரவைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியதால், எல்லையைத் தாண்டிய வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. உங்கள் நிரலில் 65536 கண்ணில் பட்டால், அந்த இடத்தில் "ரோஸ் டாட் கவுண்ட்" வர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தமில்லாமல் கெடுக்கும் இன்னொன்று "வால்" என்ற கட்டளை. அது எண்ணை இடமிருந்து படித்துக்கொண்டு வந்து, எண் அல்லாத முதல் குறியில் நின்றுவிடும். நாம் பழக்கத்தில் 1,25,000 என்று காற்புள்ளியோடு போடுவோம். வால் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றேகால் லட்ச ரூபாய் பில் ஒரு ரூபாயாகப் பதிவாகும், எரர் வராது. தொகைக் கட்டத்தில் காற்புள்ளியோடு ஒரு முறை போட்டுச் சோதியுங்கள். தவறாக விழுந்தால், நிரலில் அந்தத் தொகைக் கட்டத்தைச் சுற்றியிருக்கும் "வால்" என்பதை "சிடிபிள்" (CDbl) என்று மாற்றுங்கள். சிடிபிள் காற்புள்ளியைப் புரிந்துகொள்ளும். கட்டம் காலியாக இருந்தால் மட்டும் எண் 13 காட்டி நிற்கும். அது நல்லதுதான்.

தேதி

படிவத்தில் 05/04/2024 என்று போட்டீர்கள், ஏப்ரல் 5 என்று நினைத்து. ஷீட்டில் மே 4 என்று உட்காருகிறது. படிவத்தின் கட்டம் தருவது வெறும் எழுத்து. அதை மேக்ரோ நேராகச் செல்லில் எழுதினால் எக்செல் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. 25/04 என்று போட்டால் 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் சரியாக விழலாம், அல்லது எழுத்தாகவே நின்றுவிடலாம். அதனால்தான் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் பதிவுகள் மட்டும் வேறு மாதங்களில் சிதறிக் கிடக்கும். ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் நேரத்தில் இது எவ்வளவு வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சோதனை இது. தேதி நெடுவரிசையை அகலமாக்கி, இட, வல, நடு ஒழுங்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உண்மைத் தேதி வலப்பக்கம் ஒட்டும். எழுத்தாக நிற்பது இடப்பக்கம் ஒட்டும். பிறகு தேதி வடிவத்தை மாதம் எழுத்தில் வரும்படி மாற்றுங்கள். 05-ஏப்-2024 என்று இருந்தால் யாரும் ஏமாற முடியாது.

திருத்தம்: செல்லில் தேதி எழுதும் வரியில், தேதிக் கட்டத்தின் பெயரைச் "சிடேட்" (CDate) என்பதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். சிடேட் விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பார்த்துப் படிக்கும். அந்த அமைப்பு இந்திய முறையில் நாள்-மாதம்-வருடம் என்று இருக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் வேலையாக அதைப் பாருங்கள். பழைய பதிவுகளைத் தானாகத் திருத்தும் வழி எதையும் நான் நம்ப மாட்டேன். எது ஏப்ரல் 5, எது மே 4 என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ் கேள்விக்குறியாக மாறினால்

எக்செலின் செல்லில் தமிழ் அழகாகத் தெரியும். அதே தமிழை நிரல் சாளரத்தில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தச் சாளரம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறையான யுனிகோடுக்கு முந்தைய காலத்துக் கட்டமைப்பிலேயே நிற்கிறது. அந்தப் பழைய முறையில் எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை (குறிப்பக்கம்) விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. எனவே மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் அங்கே தமிழ் வராது. அறிவிப்புப் பெட்டியில் தமிழ்ச் செய்தி காட்ட முயன்றாலும் கேள்விக்குறிதான்.

இதனால் வரும் பெரிய சிக்கல் ஷீட் பெயர்தான். ஷீட்டுக்கு "வரவு" என்று ஆசையாகத் தமிழ்ப் பெயர் வைப்போம். நிரலில் அந்தப் பெயரை எழுத முடியாது, எண் 9 வந்து நிற்கும். ஷீட்டுக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிரல் சாளரத்தின் இடப்பக்கப் பட்டியலில் அடைப்புக்குறிக்கு வெளியே "ஷீட்3" என்பதுபோல் இருப்பது நிரல்பெயர். தாவலில் என்ன பெயர் மாற்றினாலும் அது மாறாது. "ஷீட்ஸ்" என்று தொடங்கி மேற்கோள் குறிக்குள் பெயர் வரும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிரல்பெயரை மட்டும் போட்டால், ஷீட்டைத் தமிழில் எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம்.

படிவத்தில் தமிழில் தலைப்புகள் வேண்டுமா? ஒரு தனி ஷீட்டின் செல்களில் அந்தச் சொற்களை எழுதி வையுங்கள். படிவம் திறக்கும்போது ஒவ்வொரு லேபிளும் தன் சொல்லை அந்தச் செல்லிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். செய்திகளையும் பெட்டியில் காட்டாமல் படிவத்தின் அடியில் ஒரு லேபிளில் காட்டலாம்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர்களும் யுனிகோடில் தட்டிய பெயர்களும் ஒரே ஷீட்டில் கலந்திருந்தால், தேடல் ஒருபோதும் பொருந்தாது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. செல்லின் எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பார்த்தால் எது எது என்று உடனே தெரியும்.

சின்னச் சின்னதாகப் படுத்துபவை

எக்செல் எண்ணில் 15 இலக்கங்களை மட்டும் காப்பாற்றும், அதற்கு மேல் சுழியமாக்கிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் அப்படித்தான் கெடும். சுழியத்தில் தொடங்கும் எண்ணின் சுழியமும் போய்விடும். அந்த நெடுவரிசைகளைப் பதிவு தொடங்கும் முன்பே "டெக்ஸ்ட்" வடிவத்துக்கு மாற்றுங்கள். கெட்ட பின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

புதிய வியாபாரியின் பெயர் படிவத்தின் கீழிறங்கு பட்டியலில் வரவில்லை என்றால், பட்டியல் ஏ2 முதல் ஏ50 வரை என்று கட்டி வைக்கப்பட்டிருக்கும், நீங்கள் சேர்த்தது 51-ஆம் வரிசை. படிவத்தில் அந்தப் பட்டியலைக் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் "ரோசோர்ஸ்" என்ற இடத்தில் 50-ஐ 500 ஆக்குங்கள். பெயர் இருந்தும் தேடலில் கிடைக்கவில்லை என்றால், பின்னால் ஒட்டிய இடைவெளி. வெப்சைட்டிலிருந்து நகலெடுத்தது என்றால் அந்த இடைவெளி வேறு வகை, ட்ரிம் சூத்திரம் அதை நீக்காது. அந்த இடைவெளியையே நகலெடுத்து, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் ஒட்டி நீக்குங்கள்.

செல்லில் கட்டுப்பாடு போட்டிருந்தும் தப்பான மதிப்பு நுழைகிறதா? தட்டச்சு செய்வதைத்தான் அது தடுக்கும். நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காது.

செல்லில் மதிப்பை மாற்றினால் தானாக ஓடும் மேக்ரோ திடீரென்று நின்றுவிட்டால், வேறொரு மேக்ரோ பாதியில் செத்து, அப்படி மாற்றத்தைக் கவனித்து மேக்ரோவை ஓட்டும் "நிகழ்வுகள்" அமைப்பை அணைத்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கும். எக்செலை முழுவதும் மூடித் திறந்தால் சரியாகும். சூத்திரங்கள் புதுப்பிக்கப்படவில்லை என்றால் "ஃபார்முலாஸ்" தாவலில் கணக்கீடு "மேனுவல்" என்று நிற்கிறதா பாருங்கள்.

நிரலில் "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" என்ற வரி இருக்கிறதா என்று கண்ட்ரோல் + எஃப் போட்டுத் தேடுங்கள். எரர் வந்தாலும் சொல்லாமல் மேலே போ என்பது அதன் பொருள். நகலில் அந்த வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் வரி பச்சையாகி ஓய்ந்துவிடும். மறைந்திருந்த எரர்கள் வெளியே வரும். எனக்கு அப்படி ஒரே நாளில் மூன்று வெளியே வந்தன.

புதிய கம்ப்யூட்டருக்கு மாறிய பின்

நிரல் சாளரத்தில் "டூல்ஸ்", "ரெஃபரன்சஸ்" திறந்து, "மிஸ்ஸிங்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரு துணைக் கோப்பு இங்கே இல்லை. இதனால் சம்பந்தமே இல்லாத, மிக எளிய வரிகள்கூட எரர் காட்டும். அந்த டிக்கை எடுத்துவிட்டு "டீபக்" பட்டியலில் "கம்பைல்" கொடுத்துப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் முடிந்தால் அது தேவைப்படவில்லை.

64-பிட் முறைக்குப் புதுப்பிக்க வேண்டும் என்றோ "பிடிஆர்சேஃப்" என்றோ செய்தி வந்தால், பழைய ஆஃபீஸ் 32-பிட், புதியது 64-பிட். 2019 பதிப்பிலிருந்து ஆஃபீஸ் இயல்பாக 64-பிட்டாகவே நிறுவப்படுகிறது. படிவத்தில் நாட்காட்டிபோல் திறக்கும் பழைய தேதிக் கட்டம் இருந்தால் 64-பிட்டில் அது வேலை செய்யாது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டம் வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் நானே செய்ய முயலவில்லை, தெரிந்தவரிடம் கொடுத்தேன்.

தெரிந்தவரிடம் கொடுக்கும்போது

நிரல் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தாலோ, திருத்தம் மூன்று நான்கு வரிகளைத் தாண்டினாலோ, பணம் கொடுத்தாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள். "ஓடலை, பாருங்க" என்று மட்டும் சொன்னால் அவர் பாதி நாளைத் தேடுவதிலேயே செலவிடுவார். நகலில் வியாபாரி பெயர், போன் எண், வங்கி எண் எல்லாவற்றையும் பொய் விவரங்களாக மாற்றிக் கொடுங்கள். எரர் எண், மஞ்சள் வரியின் படம், எந்த விவரம் போட்டால் சிக்கல் வருகிறது, எது போட்டால் வரவில்லை, ஆஃபீஸ் பதிப்பு, 32-ஆ 64-ஆ என்பதையும் எழுதிக் கொடுங்கள். நிரலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கினாலும் இதே விவரங்களைக் கொடுங்கள், வந்த பதிலை நகலில் எஃப்8 போட்டு ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பாருங்கள்.

சரிசெய்து முடியும் வரை வேலை நிற்க வேண்டியதில்லை. எக்செலுக்குள்ளேயே நிரல் இல்லாத ஒரு படிவம் இருக்கிறது. விரைவுக் கருவிப்பட்டையில் அம்புக்குறியை அழுத்தி, எல்லாக் கட்டளைகளும் உள்ள பட்டியலில் "ஃபார்ம்" என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பு வரிசை உள்ள தரவில் ஒரு செல்லில் நின்று அதை அழுத்தினால் பதிவுப் பெட்டி வரும். 32 நெடுவரிசைகள் வரை தாங்கும். எங்கள் படிவம் மூன்று நாள் படுத்திருந்தபோது அந்தத் தங்கை இதில்தான் பதிவு போட்டாள்.

கோப்பின் கடைசியில் "மாற்றங்கள்" என்று ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். தேதி, எந்தப் படிவம், என்ன சிக்கல், எந்த வரியில் எது எதுவாக மாறியது, யார் மாற்றினார்கள் என்று ஐந்து நெடுவரிசைகள். அதன் முதல் பதிவு: சரக்கு வரவுப் படிவம், பில் எண் இல்லாவிட்டால் முந்தைய பதிவின் மேல் எழுதுகிறது, காலி வரிசை தேடும் வரியில் 1 என்பது 3 ஆனது.